ஏழு பேர் போதும்

(நமது பங்கின் வெள்ளிவிழாவை ஒட்டி, உலக வறியோர் நாளுக்கு முந்திய சனிக்கிழமை மாலை, பங்குத் தந்தை ஆற்றிய உரை)



வெள்ளிவிழா ஆண்டின் நிறைவை நெருங்கிக்கொண்டிருக்கிறோம். கொடியேற்றம் ஆயிற்று. தேர் பவனி ஆயிற்று. முன்பு இங்கே பணியாற்றிய தந்தையர்கள் வந்து வாழ்த்திச் சென்றார்கள். நாளை உலக வறியோர் நாள். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டில் இந்நாளை ஏற்படுத்தினார். 2017 நவம்பர் 19ஆம் நாள் அது முதன்முறையாக உலகெங்கும் கொண்டாடப்பட்டது. ஆகவே இன்று மாலை வேறு பேச்சு வேண்டாம், எளியோருக்கு உதவ நமது பங்கிலே ஒரு சிறு தருமச் சங்கத்தைத் தொடங்குவது எப்படி என்பதைப் பற்றியே பேசுவோம் என்று பங்குப் பேரவையார் கேட்டுக்கொண்டார்கள்.

எப்படித் தொடங்க வேண்டும் என்பதற்கு முன்னால், எப்படித் தொடங்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுவோம். ஏனெனில் அதிலேதான் நமக்கு அனுபவம் அதிகம்.

முதலில் நாம் வாழும் இடத்தைச் சற்றுப் பார்ப்போம். நாம் பூந்தமல்லிக் குருமடத்தில் மாணவராக இருந்த காலத்தில், விடுமுறை நாட்களில் திருப்பெரும்புதூர்ப் பக்கம் பஸ் ஏறி வருவதுண்டு. செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்தால் இரு பக்கமும் வயலும் பனையும் ஏரிக்கரையுமாக இருக்கும். ஆடு மேய்க்கிறவர்கள் பஸ்ஸுக்கு வழிவிட மாட்டார்கள். பிறகு 1996ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998ல் அங்கிருந்து கார்கள் வெளிவந்தன. 2006ல் நோக்கியா கைப்பேசி ஆலை வந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010ல் திறக்கப்பட்டது. சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், மாத்தூர் என்று எங்கும் சிப்காட் சாலைகள் வந்தன. நமது பங்கும் இந்தச் சாலைகளோடு சேர்ந்து வளர்ந்த பங்குதான். உங்களில் பாதிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடி, திண்டுக்கல், விழுப்புரம் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்து, இங்கே வீடு கட்டி, இந்தக் கோவிலைத் தாய்க் கோவிலாக ஏற்றுக்கொண்டவர்கள்.

வந்தது எல்லாம் நிலைத்தது என்றும் சொல்ல முடியாது. நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் தேதியோடு உற்பத்தியை நிறுத்தியது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எத்தனை வீடுகளில் புதுத்துணி இல்லை என்பது இங்கே அமர்ந்திருக்கும் சில தாய்மார்களுக்குத் தெரியும். 2021 டிசம்பரில், விடுதியில் கொடுத்த உணவால் நூற்றுக்கும் மேற்பட்ட இளம்பெண்கள் நோயுற்றபோது, அவர்களோடு வேலை செய்த பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு நன்மையும் நடந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய பெரிய குடியிருப்பை அரசு திறந்தது. ஆனால் பெரிய கட்டடத்தில் இடம் பெறாதவர்களும் உண்டு. அவர்கள் சாலையிலிருந்து பார்த்தால் தெரியமாட்டார்கள்.

ஏரிக்கரையில் தார்ப்பாய்க் குடிசையில் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. தை மாதம் தொடங்கி மழைக்காலம் வரை செங்கல் சூளையில் குடும்பத்தோடு மண் மிதிக்கும் ஒடிசாக்காரர்கள் இருக்கிறார்கள். தகரக் கொட்டகையில் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் என்று ஷிப்ட் மாற்றிப் படுக்கும் பீகார், ஜார்க்கண்டு, அசாம் இளைஞர்கள் இருக்கிறார்கள். முன்பு பயிரிட்ட நிலத்தில் இப்போது கம்பெனி எழுந்து நிற்க, அதே கம்பெனியில் காண்டிராக்டரிடம் தினக்கூலிக்குப் புல் வெட்டும் நம் ஊர்ச் சேரி மக்களும் இருக்கிறார்கள். இவர்களே நாம் பேசப்போகிற எளியோர்.

இனி நம் குற்றத்தைச் சொல்லுவோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்து பிறப்பு விழாவில், கோவில் வாசலில் பந்தல் போட்டு, ஏரிக்கரைக் குடும்பங்களை வரவழைத்து, சேலையும் வேட்டியும் கொடுத்தோம். வரிசையில் நிற்கவைத்தோம். மைக்கில் பெயர் வாசித்தோம். புகைப்படமும் எடுத்தோம். ஓர் இருளப் பெண் சேலையை வாங்கிக்கொண்டு, இடுப்பில் இருந்த பேத்தியைக் காட்டி, "சாமி, சீலை குடுத்தீங்க, நல்லது. இந்தப் புள்ளையோட அண்ணன் பத்தாவது முடிச்சிட்டு நிக்கிறான். சாதிச் சர்டிபிகேட் இல்லாம மேல சேர்க்க மாட்டேங்கிறாங்க. அதுக்கு யாராச்சும் எங்ககூட வருவீங்களா?" என்று கேட்டார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. "பிறகு பார்க்கலாம் அம்மா" என்று சொன்னோம். பிறகு நாம் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பையன் செங்கல் சூளையில் இருந்தான்.

இரண்டாவது, இதைவிட வருத்தமானது. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு வாலிபர், வலக்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஞாயிறு பூசைக்குப் பின் வாசலில் நின்றார். பிரஸ் மிஷினில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அவர் பேசியது நமக்குப் புரியவில்லை. நாம் பேசியது அவருக்குப் புரியவில்லை. ஊருக்குப் போக வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. மனமிரங்கி, அங்கேயே தட்டேந்தி, ரயில் டிக்கெட்டும் வழிச்செலவும் கொடுத்து, கம்பளி ஒன்றையும் போர்த்தி அனுப்பினோம். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினோம்.

சில வாரம் கழித்து, நம் பாடகர் குழுவில் பாடும் ஜார்க்கண்டுப் பெண் ஒருத்தி, இங்கே விடுதியில் தங்கி வேலை செய்கிற பெண், அந்த வாலிபரின் அறைத் தோழர்களிடமிருந்து கேட்டறிந்து சொன்னாள். அவருக்கு இ.எஸ்.ஐ. எண் இருந்திருக்கிறது. வேலையில் அடிபட்டு உறுப்பை இழந்தவருக்கு, மருத்துவக் குழு இழப்பின் அளவை மதிப்பிட்ட பிறகு, அதற்கேற்ற தொகை மாதந்தோறும் ஆயுள் உள்ளவரை வரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளிக்கு, அவர் காண்டிராக்ட் ஆளாக இருந்தாலும், அந்த உரிமை உண்டு. அது தெரியாமல் அவர் ஊருக்குக் கிளம்பினார். அது தெரியாமல் நாம் டிக்கெட் எடுத்துக் கொடுத்தோம். வேலைக்கு வைத்தவர்களுக்கு அவர் போனதே வசதியாயிற்று. நமது தருமம் யாருக்கு உதவியது என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு சுடுகிறது.

சகோதர சகோதரிகளே, நம்மிடம் இரக்கம் இல்லாமல் இல்லை. அவர்கள் பக்கத்து ஆள் ஒருவரும் நம் நடுவே உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான் குறை. ஒடியா மொழியோ இந்தியோ தெரிந்த ஒருவர் இருந்திருந்தால், ஏரிக்கரைப் பெண் ஒருவர் நம் கூட்டத்தில் உறுப்பினராக இருந்திருந்தால், இவ்விரண்டும் நடந்திரா.

இது புதிய குறையும் அன்று. திருச்சபை தொடங்கிய சில காலத்திலேயே எருசலேமில் இதே வழக்கு எழுந்தது. அப்போஸ்தலர் பணி நூலின் ஆறாம் அதிகாரத்தை நாளை வீட்டில் எடுத்து வாசியுங்கள். கிறிஸ்தவர்கள் தினமும் கைம்பெண்களுக்கு உணவு பகிர்ந்து வந்தார்கள். உள்ளூர் மொழி பேசிய கைம்பெண்களுக்குச் சரியாகக் கிடைத்தது. வெளியூர்களிலிருந்து வந்து கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப் போனார்கள். முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அந்த முறையீட்டை அடக்கவில்லை. "கிடைத்ததை வாங்கிக்கொண்டு போங்கள்" என்றும் சொல்லவில்லை. நற்சான்று பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள்.

அந்த ஏழு பேருடைய பெயர்களைக் கவனியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொக்கோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. ஏழும் கிரேக்கப் பெயர்கள். அவர்களில் ஒருவர் அந்தியோக்கியா நகரத்தவர், யூத மதத்தைத் தழுவிய வெளியார். எந்தத் தரப்பு விடுபட்டதோ, அந்தத் தரப்பாரிடமே பந்தியின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதாகத் தெரிகிறது என்று நமக்குக் குருமடத்தில் வேதாகமம் கற்பித்த பேராசிரியர் சொல்லுவார். அன்று பரீட்சைக்கு எழுதினோம். முப்பது ஆண்டுகள் கழித்து, அந்த வாலிபர் ரயில் ஏறிய பிறகுதான் அதன் பொருள் புரிந்தது.

இரண்டாவது எடுத்துக்காட்டு, நமது பங்குகள் பலவற்றில் இருக்கிற வின்சென்ட் தே பவுல் சபை. அதைத் தொடங்கியவர்கள் குருக்கள் அல்லர், கல்லூரி மாணவர்கள். 1832ல் பாரிஸ் நகரில் காலரா கண்டு ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு, பிரடெரிக் ஓசானாம் என்ற மாணவர் ஒரு விவாதக் கூட்டத்தில் திருச்சபையின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பு மாணவர் ஒருவர் எழுந்து, பழைய பெருமை இருக்கட்டும், இன்று நீங்கள் ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். ஓசானாமுக்குப் பதில் இல்லை. அந்தக் கேள்வியால் கோபம் கொள்ளாமல், அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள் அவரும் அவர் நண்பர்களும். தம்மிடம் மிஞ்சியிருந்த விறகை ஓர் ஏழையின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1833 ஏப்ரல் 23ஆம் நாள், ஓசானாமின் இருபதாவது பிறந்தநாளில், முதல் கூட்டம் கூடியது. எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? ஆறு மாணவர்கள், அவர்களோடு பத்திரிகை நடத்திய பாய்யி என்ற பெரியவர் ஒருவர். இங்கும் ஏழு பேர்தான்.

அவர்களுக்கு ஏழைகளின் வீடு தெரியாது. ஆகவே, சேரிப் பகுதியில் பல ஆண்டுகளாகப் பணிசெய்த ரோசாலி ராந்து என்ற கன்னியரிடம் போய், எங்களை நம்பக்கூடிய குடும்பங்களைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். அவரே முதல் குடும்பங்களின் பட்டியலைக் கொடுத்தார். எப்படிப் பேச வேண்டும், எப்படி உட்கார வேண்டும் என்றும் கற்பித்தார். ஏழையைக் கோவிலுக்கு வரவழைப்பதில்லை, இருவர் இருவராக அவர் வீட்டுக்குப் போவது. கூட்டத்தின் முடிவில் யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி பை சுற்றிவருவது. இவை அந்தச் சபையின் வழக்கங்கள். இன்று ஏறத்தாழ 150 நாடுகளில் அது இருக்கிறது. ஓசானாமை 1997ஆம் ஆண்டிலும், ரோசாலி ராந்துவை 2003ஆம் ஆண்டிலும் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் முத்திப்பேறு பெற்றவர்களாக அறிவித்தார்.

பாரிஸ் தூரம் என்று தோன்றினால், நம் அருகிலேயே மூன்றாவது எடுத்துக்காட்டு இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்து வியாபாரிகளிடம் விற்றார்கள். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. காட்டுயிருக்கு அது நல்லதே. ஆனால் இருளர்களின் பிழைப்பு ஒரேயடியாக நின்றது. அப்போது ரோமுலஸ் விட்டேக்கர் என்ற பாம்பு ஆராய்ச்சியாளர் அவர்களோடு சேர்ந்து யோசித்தார். அரிசி மூட்டை கொடுத்து முடித்துவிடவில்லை. அவர்கள் கையில் இருந்த அறிவுக்கே வழி தேடினார்கள். 1978ல் சங்கம் தொடங்கப்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை அனுமதியோடு பிடித்து, சில வாரம் வைத்திருந்து நஞ்சு எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்து பாம்புக்கடி மருந்து செய்யப்படுகிறது. சங்கத்தின் உறுப்பினர்கள் இருளர்களே. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அதே இருளர் சமூகத்தில்தான் இன்னொரு காட்சியும். 2019 ஜூலையில் காஞ்சிபுரம் பக்கத்திலும் நெமிலிப் பக்கத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படம் செய்தித்தாள்களில் வந்தது. அவர் வாங்கியிருந்த கடன் ஆயிரம் ரூபாய் என்று எழுதியிருந்தார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. சட்டம் வந்து நாற்பத்துமூன்று ஆண்டுகள் கழித்தும், ஆயிரம் ரூபாய்க்கு ஒரு மனிதர் கட்டுண்டு கிடந்தார். ஓர் அவசரச் செலவுக்கு ஆயிரம் ரூபாய் கைமாற்றாகக் கொடுக்க அவருக்கு ஒரு சங்கம் இருந்திருந்தால் என்று எண்ணிப் பாருங்கள். சிறு சங்கம் சிறியது என்று யாரும் இளக்காரமாகப் பேச வேண்டாம்.

இனி நாம் செய்ய வேண்டியதைப் பேசுவோம்.

முதலாவது, ஆட்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975ன்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். எருசலேமிலும் ஏழு, பாரிஸிலும் ஏழு, பதிவாளர் அலுவலகத்திலும் ஏழு! ஆனால் முதல் நாளே பதிவு அலுவலகத்துக்கு ஓட வேண்டாம். ஓராண்டு வேலை செய்வோம். ஏழு பேரும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்கிறார்களா என்று பார்த்துப் பதிவு செய்வோம். அந்த ஏழு பேரில் மூன்று இடம் நம்முடையது அன்று. ஓர் இடம் ஏரிக்கரை இருளப் பெண் ஒருவருக்கு. ஓர் இடம் வடநாட்டுத் தொழிலாளி ஒருவருக்கு. ஓர் இடம் நம் ஊர்ச் சேரியில் காண்டிராக்ட் வேலை செய்கிறவருக்கு. அவர்கள் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பங்குத் தந்தை தலைவராக இருக்கவும் வேண்டாம். பங்குத் தந்தையர் மாற்றலாகிப் போகிறவர்கள். சங்கம் இங்கேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது, கொடுப்பதற்கு முன் பார்ப்பது. முதல் மூன்று மாதம் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம். இருவர் இருவராக வீட்டுக்குப் போங்கள். பாயில் உட்காருங்கள், தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள்; பழக்கத்தில் "சீலை" என்றுதான் பதில் வரும். "எந்தக் காரியம் எந்த ஆபீசில் நின்றுபோயிருக்கிறது?" என்று கேளுங்கள். அப்போது உண்மையான கதை வரும்.

மூன்றாவது, காகிதம். அரசாங்கத் திட்டம் இல்லாமல் இல்லை. நாடெங்கும் ஒரே ரேஷன் அட்டை முறை தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. தகுதியான அட்டை உள்ள பீகார்க்காரரும் இங்கே அரிசி வாங்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது; பதிவு செய்தவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புதவி உண்டு, விபத்துக்கு உதவி உண்டு. பழங்குடிச் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் கொடுக்கிறார். ஆனால் திட்டத்துக்கும் குடிசைக்கும் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. அதில் பாலம் கட்டப் பெரிய பணம் வேண்டாம். விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒருவர், கூடவே ஆபீசுக்கு வந்து பெஞ்சில் உட்கார ஒருவர், திரும்பத் திரும்பப் போக ஒருவர். இவர்கள் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்த்தவர்களே, கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்க்கும் பிள்ளைகளே, உங்களைத்தான் சொல்லுகிறோம்.

நான்காவது, பணம். நம் பாட்டிமார் வழியே நல்ல வழி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவது. நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதத்தில் வீட்டுக்கு ஒரு கிலோவுக்குக் குறையாது. நூறு வீடுகள் போட்டால் நூறு கிலோ. சமைக்காமல் விடுதியில் இருக்கும் பிள்ளைகள் வாரம் ஒரு தேநீர்க் காசைப் போடலாம். இரண்டாம் பூசைக்குப் பின் பை ஒன்று சுற்றும். யார் எவ்வளவு போட்டார் என்று ஒருவரும் பார்க்கக் கூடாது. வெளிநாட்டுப் பணம் வேண்டாம். அதற்கு 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனி அனுமதி வேண்டும். அதற்கு அப்பால், தூரத்திலிருந்து பணம் வந்தால் பக்கத்தில் இருக்கிறவர் கை சும்மா இருந்துவிடும்.

ஐந்தாவது, கணக்கு. வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து இருக்க வேண்டும். அவர்கள் ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது. மாதத்தின் முதல் ஞாயிறன்று வரவு செலவைக் கோவில் கதவில் ஒட்ட வேண்டும். உதவி பெற்றவர் பெயரை மட்டும் அதில் எழுதக் கூடாது. வரிசை வேண்டாம், மைக் வேண்டாம், புகைப்படம் வேண்டாம். நம் பிள்ளைக்குச் சட்டை வாங்கிக் கொடுக்கும்போது பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுப் படம் எடுக்கிறோமா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கோவில் முகப்பில் வெள்ளிவிழா வளைவு கட்டுவதற்கென்று சேர்ந்த பணத்தை இந்தச் சங்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று சில இளைஞர்கள் நல்ல மனத்தோடு கேட்டார்கள். கூடாது என்று சொன்னோம். கொடுத்தவர் எதற்குக் கொடுத்தாரோ அதற்கே அது செலவாக வேண்டும். தருமக் கணக்கின் முதல் விதி அது. அந்த விதியை முதல் நாளே மீறித் தொடங்கும் சங்கம் நாளை ஏழையின் பணத்தையும் வேறொன்றுக்கு எடுக்கும். வளைவு கட்டட்டும். ஆனால் அந்த வளைவின் கீழே வலக்கையில் இரண்டு விரல் இல்லாமல் இன்னொரு வாலிபர் வந்து நிற்பார். அவருக்கு நாம் என்ன சொல்லப்போகிறோம் என்பதே கேள்வி.

இன்னும் இரண்டு மறுப்புகளைக் கேட்டோம். "நாமே இ.எம்.ஐ. கட்டத் திண்டாடுகிறோம், நாம் யாருக்கு உதவுவது?" என்பது ஒன்று. உண்மை. நம்மில் பலர் கடனில் இருக்கிறோம். எந்த நாள் கம்பெனி மூடுமோ என்ற பயமும் இருக்கிறது. ஆனால் ஆண்டவர் எருசலேம் கோவிலில் உண்டியலருகே உட்கார்ந்து யாருடைய காணிக்கையைப் பெரிதென்றார்? வசதி வந்த பிறகு கொடுப்போம் என்று காத்திருந்தவருடையதை அல்ல. மேலும் நாம் கேட்பது அதிகமாக நேரம்; ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம்.

மற்றொன்று, "உதவி செய்தால் மதம் மாற்றுகிறோம் என்று பழி வரும்" என்பது. பழிக்கு மருந்து ஒளிவுமறைவின்மை. நாம் யாரிடமும் மதம் கேட்க மாட்டோம். உதவிக்கு விலையாக ஒரு சிறு செபத்தைக்கூடக் கேட்க மாட்டோம். ஊர்ப் பெரியவர்களையும், மற்றச் சமயத்தவரையும் கணக்குப் பார்க்க அழைப்போம். நாம் இருப்பது இராமானுஜர் பிறந்த மண். திருமந்திரத்தை மறைத்து வைக்காமல் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் சொன்னவர் என்று அவரைப் பற்றி இவ்வூரார் பெருமையோடு சொல்லுவார்கள். நன்மையை எல்லாருக்கும் பொதுவாக்குவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. நாமும் அந்த மண்ணில்தான் வேர்விட்டிருக்கிறோம்.

சகோதர சகோதரிகளே, நல்ல சமாரியன் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவர் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. தம் வாகனத்தில் ஏற்றிச் சென்றார். சத்திரத்தில் இரவு தங்கினார். இரண்டு தெனாரியம் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று கணக்கும் வைத்தார். நாம் அந்த வாலிபரின் காயத்தைக் கண்டோம்; வழிச்செலவும் கொடுத்தோம். அவரோடு சத்திரத்தில் இரவு தங்கவில்லை. திரும்பி வருவேன் என்றும் சொல்லவில்லை.

ஜார்க்கண்டுப் பெண்ணின் உதவியால் அவருடைய ஊர்த் தோழர் ஒருவரின் கைப்பேசி எண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறோம். இ.எஸ்.ஐ. எண்ணையும், அடிபட்ட நாளில் மருத்துவமனையில் கொடுத்த சீட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம். பலன் கிடைக்குமா என்று உறுதி சொல்ல இயலாது. காலம் போய்விட்டது. ஆனால் சங்கத்தின் நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கம் அவருடைய காரியமாக இருக்கட்டும். இரண்டாம் பக்கம், சூளையில் மண் சுமக்கும் அந்தப் பையனின் சாதிச் சான்றிதழ். இவ்விரண்டும் முடியும்வரை மூன்றாம் பக்கத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் இவ்விரண்டையும் மறந்து மூன்றாம் பக்கத்துக்குப் போகக் கூடாது.

கோவிலின் பின்வாசலில், தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு தாள் வைத்திருக்கிறோம். அதில் ஏழு கோடுகள் போடப்பட்டிருக்கின்றன. மூன்று கோடுகளுக்கு எதிரே யாருக்குரிய இடம் என்று எழுதியிருக்கிறது. அந்த மூவரையும் நாம் அவர்கள் வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டும். மற்ற நான்கு கோடுகள் உங்களுக்கு. நாளை பூசைக்குப் பின் நிதானமாக யோசித்து எழுதுங்கள். உணர்ச்சி வேகத்தில் இன்றிரவே எழுத வேண்டாம். எழுதியவர் ஓராண்டுக்கு ஞாயிறு மாலையை மறந்துவிட வேண்டும்.

வெள்ளிவிழா கண்ட பங்குக்கு இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளில் பொன்விழா வரும். அன்று இந்தப் பீடத்தில் வேறொரு குரு நின்று பேசுவார். கட்டடத்தைப் பற்றிப் பேச அவருக்கு நிறைய இருக்கும். அந்த நோட்டுப் புத்தகங்களும் அன்று அவர் கையில் இருக்கட்டும். ஆண்டவர் நம் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

(இம்மலர் அச்சுக்குப் போகும் இவ்வேளையில் ஐந்து கோடுகள் நிரம்பியுள்ளன. ஏரிக்கரையிலிருந்து ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஜார்க்கண்டுப் பெண்ணும் ஒப்புக்கொண்டிருக்கிறாள். இரண்டு கோடுகள் காலியாக இருக்கின்றன. தாள் அதே இடத்தில்தான் இருக்கிறது.)